தெளிந்த நீரும் அடிவண்டலும்

கடலூர் நகரத்தோடு இன்று ஒன்றாகக் கலந்துவிட்ட திருப்பாதிரிப்புலியூரை அடுத்துக் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து வந்து கரை சேர்ந்த இடம் அது என்று அப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்நிகழ்ச்சியை நினைந்து விழாவும் எடுக்கிறார்கள். ஆனால் அவர் கரையேறியபோது அது அவருக்குப் புதிய ஊர் அன்று. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அதே ஊரில், அந்நாளில் பாடலிபுத்திரம் என்று வழங்கிய சமணப் பெரும்பள்ளியில், தருமசேனர் என்னும் பெயர் பூண்டு, கற்றோரெல்லாம் தலைவணங்கும் ஆசாரியராக அவர் வீற்றிருந்தவர். தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் இருந்து இறைவனை வேண்ட, சூலை நோயால் வருந்திய தருமசேனர் இரவோடு இரவாகப் பள்ளியை விட்டு நீங்கித் தமக்கையின் காலில் விழுந்து, திருநீறு பெற்று, பிறந்த சமயத்துக்கே மீண்டார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகிறார். சைவ உலகம் அதை ஓர் ஆன்மா வழிதவறிப் பின் வீடு திரும்பிய கதையாகக் கொண்டாடுகிறது. பள்ளியில் அவருடன் உறைந்த முனிவர்களுக்கோ, அதே இரவு, பல்லாண்டுத் தவத்தால் உயர்ந்த ஒரு துறவி உடல்நோய்க்கு ஆற்றாது படிகளெல்லாம் சறுக்கிக் கீழே வீழ்ந்த இரவாகவே இருந்திருக்கும்.

ஒரே மனிதர், ஒரே செயல். ஒரு கரையில் நின்றோர்க்கு அது ஏற்றம், மறு கரையில் நின்றோர்க்கு இறக்கம். மனிதன் தன் அகவளர்ச்சியில் பின்னோக்கிச் செல்லக் கூடுமா என்னும் வினாவை ஆராயப் புகுவோர்க்கு இவ்வூரைக் காட்டிலும் பொருத்தமான தொடக்கம் வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் இவ்வினாவை நுணுக்கமாக ஆராய்ந்த சமணம், சைவம் என்னும் இரண்டு பெருஞ்சமயங்கள், இந்தக் கெடில ஆற்றங்கரையிலும் சிதம்பரமாகிய தில்லைப் பதியிலுமாக, ஒன்றையொன்று பார்த்தபடி வாழ்ந்திருக்கின்றன.

இவ்வினா புலவர்க்கும் முனிவர்க்கும் மட்டும் உரியதன்று. பத்தாண்டுகள் மதுவைத் தொடாதிருந்த தந்தை ஒரு தீபாவளியன்று தள்ளாடி வீடு திரும்பும்போது, வாசலில் நிற்கும் மகள் கேட்பது இதைத்தான். வாழ்நாளெல்லாம் கடுஞ்சொல் அறியாதிருந்த தாய், முதுமையின் மறதி நோயில் மருமகளை வாய்க்கு வந்தபடி ஏசும்போது, குடும்பத்தார் ஒருவரையொருவர் பார்த்துக் கேளாமல் கேட்பதும் இதுவே. அந்தப் பத்தாண்டு பொய்யா? அந்த இனிமையெல்லாம் வேஷமா?

நம் மொழியின் பழமொழிகளைக் கேட்டால் அவை மனிதனுக்கு எதிராகவே சாட்சி சொல்லுகின்றன. தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்கிறோம். வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறிற்று என்கிறோம். திருந்தியவன் வழுவினால் பழைய குருடி கதவைத் திறடி என்று ஒரே வரியில் அவன் கணக்கை முடித்துவிடுகிறோம். ஆனால் அதே மொழி ஆத்மாவின் உயர்வுக்குப் பக்குவம், பரிபாகம் என்னும் சொற்களையும் வைத்திருக்கிறது. கனிந்த பழம் மீண்டும் காயாவதில்லை. பழமொழியை நம்பினால் மனித சுபாவம் ஒருபோதும் மாறுவதில்லை. பக்குவம் என்னும் சொல்லை நம்பினால் மாறியது ஒருபோதும் மீள்வதில்லை. இவ்விரண்டுக்கும் இடையில்தான் நாம் எல்லோரும் வாழ்கிறோம்.

முதலில் தருமசேனர் விட்டு நீங்கிய பள்ளியின் கருத்தைக் கேட்போம். அப்பள்ளி சாமானியமானதன்று. சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனது 22-ஆம் ஆட்சியாண்டில், சருவநந்தி முனிவர் லோகவிபாகம் என்னும் நூலை எழுதி முடித்த பாடலிகை இவ்வூரே என்று அறிஞர் கொள்வர். இங்கே பயின்றோர் கற்றிருக்கக் கூடிய ஜைன சித்தாந்தம், ஆத்மா மயக்கத்தினின்று முற்றறிவு நோக்கி ஏறும் பாதையைப் பதினான்கு குணஸ்தானங்களாக வகுக்கிறது. உலகத்துத் தத்துவங்கள் பலவும் ஏறும் படிகளைச் சொல்லியிருக்கின்றன. இறங்குவதற்கும் இடம் வகுத்து, இன்ன படியிலிருந்து இன்ன காரணத்தால் வீழ்ச்சி நேரும் என்று கணக்கிட்டுச் சொன்னது நான் அறிந்தவரை ஜைன தரிசனத்தைப் போல் வேறில்லை. பதினான்கில் இரண்டாவது ஸ்தானத்துக்குக் கீழிருந்து ஏறிச் செல்ல வழியே இல்லை. மேலிருந்து விழுகிறவன் மட்டுமே அதில் கணநேரம் தங்குகிறான். நல்லறிவின் சுவையை ஒருமுறை கண்டு, அதை இழந்து, பாயசம் உண்டு உமிழ்ந்தவன் நாவில் இனிப்பு எஞ்சுவதுபோல் அச்சுவை மட்டும் எஞ்சிநிற்க, மயக்கத்தை நோக்கி வீழ்ந்துகொண்டிருப்பவனது நிலை அது. வீழ்ச்சிக்கென்றே ஒரு படியை ஒதுக்கிவைத்த அந்த ஆசாரியர்கள் மனிதரை நெருங்கிக் கவனித்தவர்களாகவே இருத்தல் வேண்டும்.

இதைவிட ஆழமானது பதினோராம் படியைப் பற்றி அவர்கள் கூறுவது. எட்டாம் படியிலிருந்து மேலே செல்ல இரண்டு ஏணிகள் உள. ஒன்றில் ஏறுபவன் தன் ஆசாபாசங்களை அடக்கி அமுக்கிக்கொண்டே போகிறான். மற்றதில் ஏறுபவன் அவற்றை வேரோடு க்ஷயம் செய்துகொண்டே போகிறான். அடக்கியவன் பதினோராம் படியாகிய உபசாந்த மோகத்தை அடைகிறான். அங்கே அவனிடத்தில் கோபம் இல்லை, செருக்கு இல்லை, வஞ்சம் இல்லை, லோபம் இல்லை. ஒழுக்கத்தில் ஒரு குற்றமும் காண இயலாது. ஆயினும் அவன் அங்கே ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் கூட, முழுமையாகத் தங்க முடியாது. உயிர் உள்ளபோதே திரும்புவானாயின் வந்த படிகளின் வழியே இறங்கித்தான் ஆகவேண்டும். சில வேளை முதற்படி வரைக்கும் வீழ்ந்துவிடவும் கூடும். க்ஷயம் செய்தவனோ பதினோராம் படியை மிதிப்பதே இல்லை. பத்திலிருந்து நேரே பன்னிரண்டுக்குச் சென்றுவிடுகிறான். அவனுக்கு வீழ்ச்சி இல்லை.

இதை விளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட உவமை நம் வீட்டுப் புழக்கடையிலிருந்தே வந்தது. கலங்கிய நீர் நிறைந்த குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து விட்டால் சேறெல்லாம் அடியில் படிந்து மேல்நீர் பளிங்குபோல் தெளிகிறது. அந்நீர் மெய்யாகவே தெளிந்ததுதான். குடிக்கலாம், முகம் பார்க்கலாம். ஆனால் யாரேனும் குடத்தை அசைத்தால் வண்டல் எழுந்துவிடும். தெளிந்த நீரை வேறு பாத்திரத்தில் இறுத்து வைத்துவிட்டால், பின் எத்தனை அசைத்தாலும் கலங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பாத்திரத்து நீரும் ஒன்றே. இன்னும் சொல்லப்போனால் குடத்துக்கே தன் அடியில் வண்டல் இருப்பது தெரியாது. பத்தாண்டு மதுவைத் தொடாதிருந்தவரது தெளிவைப் பொய் என்று சொல்லுகிறவர்கள் இந்த உவமையின் முற்பகுதியை மறந்தவர்கள். இனி அவருக்கு ஒருகாலும் ஆபத்தில்லை என்று உறுதி கூறியவர்கள் பிற்பகுதியை மறந்தவர்கள்.

மேல்நாட்டு மனநூலார் இவ்வினாவுக்கு வந்தது மிகவும் பிற்காலத்தில். அவர்கள் வந்த வழி மருத்துவசாலையின் வழி. நரம்பு மண்டலம் நோயால் சிதையும்போது கடைசியில் வந்த உயர்ந்த செயல்கள் முதலில் அழிந்து, முதலில் வந்த எளிய செயல்கள் கடைசிவரை நிற்கின்றன என்று ஹியூலிங்ஸ் ஜாக்ஸன் 1884-இல் லண்டனில் உபன்யாசம் செய்தார். நினைவின் அழிவும் அவ்வாறே புதியதில் தொடங்கிப் பழையதை நோக்கி நடக்கிறது என்று பிரெஞ்சு நாட்டு ரிபோ 1881-இலேயே எழுதியிருந்தார். முதுமை நோயில் தாயின் பொறுமை போய்விட்டதைக் கண்டு வருந்தும் குடும்பத்தார் அறியவேண்டிய செய்தி இது: அங்கே வளர்ந்த ஆன்மா பின்வாங்கவில்லை, அது அமர்ந்து ஆட்சி செய்த ஆசனம் உடைந்திருக்கிறது. அந்நிலையில் எழும் கடுஞ்சொல்லை எடுத்து, இதுதான் இவள் எப்போதும் மறைத்து வைத்திருந்த மெய்யுருவம் என்று தீர்ப்புக் கூறுவது பெரும்பிழை. அறுபதாண்டுகள் தன் இஷ்டப்படி தேர்ந்து நடந்த நடத்தையைத் தள்ளிவிட்டு, தேர்ந்தெடுக்கும் சக்தியே போன பின் வந்த இரண்டாண்டுகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது எந்த நியாயத்திலும் சேராது.

ஃபிராய்டு தம் 1916, 1917-ஆம் ஆண்டுகளின் சொற்பொழிவுகளில் இதற்கு ஓர் உவமை சொன்னார். குடிபெயர்ந்து செல்லும் ஒரு பெருங்கூட்டம் வழியிலே தங்கிய இடங்களிலெல்லாம் தன் ஆட்களில் ஒரு பகுதியை விட்டுவிட்டுப் போனால், முன்னே சென்றவர்கள் வலிய பகைவரைச் சந்தித்துத் தோற்கும்போது இயல்பாகவே அந்தப் பழைய இடங்களுக்குப் பின்வாங்குவார்கள். வழியில் விட்ட ஆட்கள் எத்தனை மிகுதியோ, முன்சென்ற படை அத்தனை மெலிந்ததாய்த் தோல்விக்கு இடமாகும். அவருடைய பிற கொள்கைகளில் எனக்கு ஐயங்கள் உண்டு. இந்த உவமையில் இல்லை. அவர் மகளார் அன்னா ஃபிராய்டு, இரண்டாம் உலகப் போரின்போது ஹாம்ஸ்டெட்டில் டாரதி பர்லிங்ஹாமுடன் நடத்திய குழந்தை இல்லங்களில் இதையே கண்ணாரக் கண்டார். தாயைப் பிரிந்த சிறுவர்கள் கடைசியாகக் கற்ற பழக்கங்களை முதலில் இழந்தனர். பேசத் தொடங்கிய குழந்தை பேச்சை விட்டது. படுக்கையை நனைக்காதிருக்கக் கற்றது மீண்டும் நனைத்தது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் தேவனாம்பட்டினத்தையும் கடலூர்க் கரையோரத்துக் குப்பங்களையும் ஆழிப்பேரலை வாரிச் சுருட்டியபோது, இம்மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 600 உயிர்கள் மாண்டன. இத்தகைய பேரிடர்களுக்குப் பின் பிழைத்த குழந்தைகள் விரல் சூப்பத் தொடங்குவதும், இருட்டுக்கு அஞ்சித் தாயின் சேலையை விடாது பற்றுவதும் எங்கும் காணக் கிடைப்பவை. அப்போது அதட்டுவதால் பயன் இல்லை. அக்குழந்தை வளர்ச்சியைக் கைவிட்டு ஓடவில்லை. முன்னணி சிதறியபின் தன்னைக் காத்துக்கொள்ளத் தான் அறிந்த கடைசி அரணுக்குள் ஒடுங்கியிருக்கிறது. அச்சம் நீங்கி அன்பு நிலைத்தால் பெரும்பாலும் அது தானாகவே வெளியே வந்துவிடும். பெரியவர்களின் பின்வாங்கலையும் இந்தக் கண்ணால் பார்க்க நாம் ஏன் இன்னும் பழகவில்லை என்று நான் பலமுறை வருந்தியதுண்டு.

இனி, வீழ்ச்சி என்று நாம் பெயரிட்டவற்றுள் ஒரு பங்கு வீழ்ச்சியே அன்று என்பதற்கு மனநூலின் வரலாற்றிலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. அறவுணர்வின் படிகளை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் கோல்பர்க், 1969-இல் கிரேமர் என்பாருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், உயர்நிலைப் பள்ளியின் இறுதியில் உயர்ந்த அறநிலையை எட்டியிருந்தும், கல்லூரிக்குச் சென்ற இரண்டு மூன்று ஆண்டுகளில், நன்மை தீமை என்பதெல்லாம் அவரவர் ருசி என்று பேசும் சுயநலப் படிக்குச் சரிந்துவிட்டதாகக் கண்டார். படிகளில் பின்னோக்கம் இல்லை என்பது அவரது கோட்பாடு. அதற்கு இது நேர் விரோதம். ஆனால் 25 வயதுக்குள் அம்மாணவர்கள் யாவரும் மீண்டும் மேலே வந்துவிட்டனர். பின்னாளில் தம் ஆதாரங்களை மறுபடி பரிசீலித்த கோல்பர்க், அது சரிவன்று, பெற்றோரிடம் கேட்டுக் கற்ற அறத்தை உதறித் தாமே கண்டறியும் அறத்தை நோக்கிச் செல்லும் நடுவழி என்று தம் தீர்ப்பைத் திருத்திக்கொண்டார். 1920-இல் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கி 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்த கல்விச்சாலையின் வாயிலில், கிராமத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுச் சிதம்பரம் நிலையத்தில் ரயிலேறிய பெற்றோர் எத்தனை ஆயிரம்! விடுமுறைக்குத் திரும்பிய பிள்ளை திருநீறு பூச மறுத்தான், குலதெய்வத்தைக் கேள்வி கேட்டான், பாட்டியிடம் வாதாடினான் என்று கலங்கிய அவர்களுக்கு, பழைய வீட்டை இடித்தபின் புதிய வீடு எழும்முன் மனை வெறுமையாகக் கிடக்கும் காலம் ஒன்று உண்டு என்று சொல்லுவார் இல்லை. அவ்வெறுமையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

வயது ஏற ஏற மனிதரின் சராசரிச் சுபாவம் செம்மைப்படவே செய்கிறது. நீண்டகால ஆய்வுகளில் 92 மக்கள் தொகுதிகளைத் தொகுத்து 2006-இல் ராபர்ட்ஸ் முதலானோர் செய்த பெருங்கணக்கு, பொறுப்புணர்ச்சியும் மனத்தின் நிலைபேறும் நடுவயது வரை உயர்ந்துகொண்டே போவதைக் காட்டிற்று. ஆனால் சராசரி என்பது ஊரின் கணக்கு. வீட்டின் கணக்கு வேறு.

சூழ்நிலை மனிதனைக் கீழே இழுக்கும் வகையைப் பற்றிச் சற்று விரித்தே பேச வேண்டும். ஏனெனில் தனிமனிதனின் குற்றமாக நாம் எண்ணும் பலவும் உண்மையில் ஊராரின் குற்றம். 1929-இல் ஹார்ட்டாக் குழு இந்தியக் கல்வியை ஆராய்ந்தபோது, தொடக்கப் பள்ளியில் ஓரிரண்டு வகுப்புப் படித்து நின்றுவிட்ட பிள்ளைகள் கற்ற எழுத்தையும் மறந்து எழுத்தறியாதோர் கூட்டத்திலேயே மீண்டும் கலந்துவிடுவதைப் பெரும் விரயம் என்று கண்டித்தது. அப்பிள்ளையின் அறிவு பின்னடைந்தது உண்மையே. படிக்க ஒரு புத்தகமும், எழுத ஒரு காரணமும், கேட்க ஒரு செவியும் இல்லாத வீட்டில் அவ்வறிவு எதைப் பற்றி நிற்கும்? சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய செயலின் பெருமையை இங்கே எண்ணிப் பார்க்கிறேன். தில்லைக்கு நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று தவித்த நந்தனாரின் அன்பு ஒருநாளும் தளரவில்லை; தளரச் செய்யும் ஏற்பாடுகள் எல்லாம் அவரைச் சுற்றிலும் இருந்தன. ஒரு மனிதனின் உயர்வு நிலைக்க வேண்டுமானால் அவன் நிற்கும் தரை உயர வேண்டும் என்பதைச் சகஜானந்தர் உணர்ந்திருந்தார்.

சூழ்நிலையின் நெருக்கடிக்கு உள்ளே அகப்பட்ட ஒரு மேதையின் சம்பவமும் இந்த மண்ணிலேயே நடந்தது. பத்தாண்டுகள் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த சுப்பிரமணிய பாரதியார் 1918 நவம்பர் 20-ஆம் நாள் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைதாகி, கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். அங்கிருந்து ஆளுநர் பெண்ட்லண்டுக்கு விண்ணப்பம் எழுதினார். அரசியலில் ஈடுபடுவதில்லை என்பது முதலான நிபந்தனைகளுக்கு உடன்பட்டு டிசம்பர் 14-இல் விடுதலை பெற்றுக் கடையம் சென்றார். அச்சம் இல்லை என்று ஒரு தேசத்துக்கே கற்பித்தவர் எழுதிய அவ்விண்ணப்பத்தைக் காட்டி அவர் வீழ்ந்துவிட்டார் என்று கூறுவோர் உண்டு. நான் அவ்வாறு எண்ணத் துணியேன். வறுமையும் நோயும் மனைவி மக்களின் கவலையும் ஒரு பக்கம். உலகப் போர் முடிந்து அரசியல் காற்றே திசை மாறியது மறு பக்கம். விடுதலைக்குப் பின் அவர் எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. தாழ்ந்தோரிடத்தில் அவர் கொண்ட அன்பு சுருங்கவில்லை. 1920-இல் சுதேசமித்திரனுக்குத் திரும்பி 1921-இல் இறக்கும்வரை அவர் எழுதியவற்றில் உள்ளம் குறுகியதற்கு அடையாளம் ஒன்றும் நான் கண்டதில்லை. கை எழுதிக் கொடுத்த வாசகத்தை மட்டும் கொண்டு ஓர் ஆன்மாவின் உயரத்தை அளக்க முடியாது.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? மனிதன் முன்பு ஏற்ற கொள்கையில் நிற்கிறானா என்பதைக் கொண்டு அளப்பதே உலக வழக்கம். அவ்வளவுகோல் எத்தனை முரட்டுத்தனமானது என்பதை வடலூர் காட்டும். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகள், இளமையில் கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்ப் பெருமானையும் தில்லைக் கூத்தனையும் பாடி உருகியவர். அவருடைய பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா என்னும் பூசல் 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. எதிர்ப்பக்கம் நின்றவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், அவரும் தம் சமயத்துக்காகவே வாழ்ந்த பெரியவர். வடலூரில் 1867-இல் தருமசாலையும் 1872-இல் சத்திய ஞானசபையும் கண்ட அடிகள், 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றி நிகழ்த்திய பேருபதேசத்தில், தாம் முன்பு சைவத்தில் வைத்திருந்த பற்று அளவிடற்கரியது என்றும், அப்பற்றை விட்டதனாலேயே தமக்கு உயர்வு கிடைத்தது என்றும், அக்காலத்துப் பாடல்களே தமக்கு அப்போதிருந்த சிற்றறிவுக்குச் சாட்சி என்றும் வெளிப்படையாகக் கூறினார். பிறந்த சமயத்துக்கு மீண்டதை உயர்வு என்றார் ஒருவர். அதைக் கடந்ததை உயர்வு என்றார் மற்றொருவர். இருவரும் பிறந்த ஊர்களுக்கு இடையே ஒருநாள் வண்டிப் பயணத்துக்கு மேல் இராது.

இவ்விருவரையும் ஒருசேர வணங்க என் மனம் கூசவில்லை. காரணம், இருவரிடத்திலும் திரும்பிய பின்னரோ கடந்த பின்னரோ இரக்கத்தின் எல்லை விரிந்தது, தம் குற்றத்தைத் தாமே நோக்கும் துணிவு மிகுந்தது. வாடிய பயிரைக் கண்டும் வாடியவர் அடிகள். நாவுக்கரசரோ கடந்துபோன ஆண்டுகளை எண்ணித் தம்மையே இடித்துக்கொண்டு பாடியபடி, கையில் உழவாரப்படை ஏந்திக் கோயில்தோறும் புல்லைச் செதுக்கினார். பள்ளியில் பயின்ற உடல் ஒறுப்பும் உள்ளத்தைத் துருவி நோக்கும் பழக்கமும் அவரை விட்டுப் போகவில்லை. வேறு பணிக்கு வந்தன என்பதே என் எண்ணம். எல்லை விரிந்ததா, சுருங்கியதா? இந்த அளவுகோலே எனக்குக் கிட்டியவற்றுள் நம்பத் தகுந்தது. நேர்மை கருதி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாவுக்கரசருக்குப் பின் சைவத்துக்கு வந்த பல்லவ மன்னன், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அக்கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறது பெரியபுராணம். கோயில் எழுந்ததில் மகிழ்வேன். பள்ளி இடிந்ததை என் அளவுகோல் வளர்ச்சி என்று ஏற்காது.

மெய்யாகவே எல்லை சுருங்கிப் போவதும் நடக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன், சில நேரங்களில் சில மனிதர்களில் கங்கா என்னும் பெண்ணைப் படைத்து, அவள் நிமிர்ந்து நிற்பதை நமக்குக் காட்டிவிட்டு, முடிவில் அவள் குலைவதையும் காட்டியபோது வாசகர்கள் பட்ட வேதனை, அது பொய் என்பதால் வந்ததன்று. தாங்கிய ஓர் உறவு விலகினால் எத்தனை நிமிர்வும் சரியக்கூடும் என்று அவர்களே அறிந்திருந்ததால் வந்தது.

இப்படிச் சரியவைக்கும் பழைய எச்சத்தைத் தில்லையைச் சூழ்ந்து வளர்ந்த சைவ சித்தாந்தம் வாசனாமலம் என்னும் சொல்லால் குறிக்கிறது. பெருங்காயம் வைத்த பாண்டத்தைக் கழுவிக் கவிழ்த்த பின்னும் மணம் நிற்பதுபோல், மலம் நீங்கிய ஞானியிடத்தும் பழைய வாசனை வந்து தாக்கும் என்பது அதன் துணிபு. பாசி மூடிய குளத்தில் கல்லை எறிந்தால் பாசி விலகி நீர் தோன்றும். கல் அமிழ்ந்ததும் மீண்டும் பாசி பரந்து மூடும் என்று அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் உவமித்தார். ஆகவே மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் கடைசியை முத்தியின் வருணனைக்கு ஒதுக்கவில்லை. ஞானம் பெற்றவனும் அடியாரோடு கூடியிருக்க வேண்டும், கோயிலைத் தொழ வேண்டும் என்று முடித்தார். சிகரத்தை அடைந்தவனிடம் இனித் தனியே இராதே என்று சொல்லும் நூல் அது. தீட்சிதர் குலத்தில் பிறந்து, மறைஞான சம்பந்தரைக் குருவாக ஏற்றதால் தம் சமூகத்தாரால் விலக்கப்பட்டுத் தில்லையின் எல்லையில் கொற்றவன்குடியில் ஒதுங்கி வாழ்ந்த உமாபதி சிவாசாரியார், இக்கூட்டத்தின் அருமையை நூலினும் வாழ்விலேயே மிகுதியாக அறிந்திருப்பார்.

வடலூர்த் தருமசாலையில் 1867 மே மாதம் 23-ஆம் நாள் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று கேட்போர் அதை அற்புதமாகக் கருதுவர். அங்கே நின்று பார்த்தால் விறகு அடுக்கும் கைகள் தெரியும். ஒவ்வொரு நாளும் யாரோ விறகு இட்டிருக்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒருநாளும் தவறவில்லை.

வீழ்ந்தவன் மறுபடி எழும்போது முதலிலிருந்தா தொடங்குகிறான்? கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் இதைக் கேட்கிறான்: யோகத்திலிருந்து வழுவியவன் சிதறிய மேகம்போல் இரண்டும் கெட்டு அழிவானோ? அழிவதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வான் என்பது கண்ணன் விடை. 1885-இல் ஜெர்மானியர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, முற்றும் மறந்துவிட்டதாகத் தோன்றியவற்றையும் மறுமுறை கற்பதற்கு முதன்முறையைவிடக் குறைந்த முயற்சியே வேண்டியிருப்பதை அளந்து காட்டினார். மதுவை விட்டவர்களை ஆராய்ந்த மார்லட்டும் கோர்டனும் 1985-இல் எழுதிய நூல் இன்னும் ஒரு படி சென்றது: ஒருமுறை வழுக்குதல் வேறு, வீழ்ச்சி வேறு; வழுக்கியவன், எல்லாம் போயிற்று, நான் இவ்வளவுதான் என்று தன்னை வெறுக்கும் அந்த எண்ணமே வழுக்கலைப் பெரும்பாலும் வீழ்ச்சியாக்குகிறது. தீபாவளி இரவில் வாசலில் நிற்கும் மகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அந்தப் பத்தாண்டு பொய்யன்று, அது உன் தந்தைக்குள் இருக்கிறது, நாளைக் காலை அவர் விழிக்கும்போது பழைய குருடி என்னும் அப்பழமொழியை மட்டும் வீட்டில் யாரும் சொல்லாதிருங்கள்.

தில்லையின் ஆயிரங்கால் மண்டபத்தில் பெரியபுராணத்தை அரங்கேற்றிய சேக்கிழார், நாவுக்கரசரின் சரித்திரத்தை அவர் கரையேறியதோடு நிறுத்தவில்லை. நீற்றறையும் நஞ்சும் யானையும் கடலும் கடந்த அவரை, 81 வயது என்று மரபு சொல்லும் முதுமையின் எல்லையில், திருப்புகலூருக்குக் கொண்டுவந்து மீண்டும் ஒரு சோதனையில் நிறுத்துகிறார். அத்தனை நீண்ட வாழ்வுக்குப் பின்னும், ஈசனே அவரை இன்னும் ஒருமுறை அசைத்துப் பார்க்கிறான். உழவாரம் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னுகின்றன. கிழவர் குனிந்து பார்க்கிறார். பருக்கைக் கல்லோடு கல்லாக அவற்றையும் உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிகிறார். வானத்து மங்கையர் வந்து ஆடுகிறார்கள். அவர் புல் செதுக்கிக்கொண்டிருக்கிறார்.